யாரோடு கோபம் என்று கேட்டேன்

உங்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் முதல் நாளே குழாய்க் கதையைச் சொல்லியிருப்பார்கள். உரைபெயர்ப்பாளர் ஒரு குழாய். ஒரு முனையில் இங்கிலீஷை ஊற்றினால் மற்ற முனையில் தமிழ் வரவேண்டும். குழாய் தன்பாட்டில் எதையும் சேர்க்கக்கூடாது, எதையும் மறித்து வைக்கவும் கூடாது. எனக்கும் அதைத்தான் சொல்லித் தந்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி இந்த வேலையைச் செய்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற நான் உங்களுக்குச் சொல்கிறேன்: நான் குழாய் இல்லை. நீங்களும் இல்லை. வாயை வைத்துப் பிழைக்கிறவர்களைக் குழாய் என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் எதையோ அடைத்து வைக்கவேண்டிய தேவை இருக்கும்.

நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கோபத்தின் கதையைச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால், இங்கிலீஷில் ஆட்களுக்குக் கோபம் வரும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம்.

பள்ளிக்கூடத்தில் படித்த கோபம் வேறு, துறைமுகத்தில் கேட்கிற கோபம் வேறு. கப்பல்காரரும் கட்டுமான வேலைக்காரரும் தங்களுக்குக் கோபம் வந்தது என்று நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவன் கூரையில் முட்டுவான். ஒருவனுக்கு மூடி பறக்கும். ஒருவன் சிவப்பைக் காண்பான், ஒருவனின் ஃபியூஸ் எரிந்துபோகும், இன்னொருவன் தள்ளுவண்டிக்குள் இருந்துகொண்டு விளையாட்டுச் சாமான்களை வெளியே எறிவான். எல்லாம் ஒன்றுதான். ஆளுக்கு விசர் வந்துவிட்டது.

நான் முதலில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை பார்த்தேன். உள்துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் இருந்து ஒரு அதிகாரி தொலைபேசியில் சொன்னார், கிழவர் தன் கந்தையைத் தொலைத்துவிட்டார் என்று. கிழவர் என்றால் கப்டன். கந்தையைத் தொலைத்தார் என்றால் பொறுமை இழந்து கத்திக்கொண்டு நிற்கிறார் என்று பொருள். தண்ணீர் கொண்டுபோகவேண்டிய படகு பிந்திவிட்டது. தொலைபேசியை எடுத்த எங்கள் கந்தோர்க்காரர் நல்ல மனிதர். கப்பலில் எண்ணெய் துடைக்கத் துணி இல்லையாக்கும் என்று நினைத்து, ஒரு மூட்டை பழந்துணியை வாங்கி, அடுத்த படகில் கப்டன் பெயருக்கே அனுப்பிவைத்தார். தண்ணீருக்காகக் காத்துக்கொண்டிருந்த கப்டன் அந்த மூட்டையைத் தன் கையால் அவிழ்த்தார். அதற்குப் பிறகு அவர் தொலைபேசியில் ஏசிய ஏச்சில் நான் இன்னும் ஐந்தாறு மரபுத்தொடர்களைப் படித்துக்கொண்டேன்.

அன்றைக்கு நடந்ததற்குச் சிரிக்கலாம். ஒரு மூட்டைத் துணியோடு போயிற்று. இப்போது சொல்லப்போவதில் ஒருவருக்கு ஒரு கால் போகப் பார்த்தது, இன்னொருவருக்கு வேலை.

நான் கந்தோரை விட்டு, தனியாக உரைபெயர்ப்பு வேலை செய்யத் தொடங்கியபின் நடந்தது. துறைமுகத்தின் உட்பக்கத்தில் ஒரு இறங்குதுறை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரரின் பெயர் உங்களுக்கு வேண்டாம். அங்கே ஒருநாள் முற்பகல் கிரேன் தூக்கிய இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று மேலிருந்து சரிந்து விழுந்தது. கீழே நின்று கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்த தவராசாவின் கால் அதற்குள் அகப்பட்டது. தவராசா தம்பலகாமத்து மனிதர். வயல் வேலை இல்லாத காலத்தில் துறைமுகத்துக்கு வருகிறவர். ஆஸ்பத்திரியில் காலை எடுக்கவேண்டி வருமா இல்லையா என்று டொக்டர்மார் இன்னும் சொல்லாமல் இருந்தார்கள்.

கிரேனை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த நசீர். நிறுவனம் அவரை இடைநிறுத்தி, உள்விசாரணை வைத்தது. குற்றச்சாட்டு இதுதான்: பாரம் மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது நசீர் கிரேனின் ஹாண்டிலை விட்டு எழும்பிப் போனார், அதனால் பாரம் விழுந்தது. ஹாண்டில் என்று அங்கே எல்லாரும் சொல்வது, பாரத்தை ஏற்றவும் இறக்கவும் கையில் பிடிக்கும் இயக்குதண்டை. அன்று முற்பகல் நசீர் கிரேன் கபினுக்கு வெளியே நின்றதை ஒரு தொழிலாளி கண்டிருந்தார். அது பாரம் தூக்குவதற்கு முன்னாலா, தூக்கிய பிறகா என்று அவருக்கு நிச்சயமில்லை. நசீரோ, தான் ஹாண்டிலை விடவேயில்லை, பாரம் ஏன் விழுந்தது என்று தனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தார். அதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை.

விழுந்த சாமான்களை அன்றே அகற்றிவிட்டார்கள்; தவராசா பேசும் நிலையில் இல்லை. மிஞ்சியிருந்த சாட்சி ஒருவர்தான். வேலைத்தள மேற்பார்வையாளர், வடக்கு இங்கிலாந்துக்காரர், கிரெக் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். அவருடைய ஒப்பந்தம் முடிந்து, அன்று பின்னேரமே கொழும்புக்குப் போய் ஊருக்கு விமானம் ஏற இருந்தார். பயணப்பெட்டி வாசலில் நின்ற வாகனத்தில் இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

விசாரணை அலுவலர் நிறுவனம் பணம் கொடுத்து வரவழைத்த ஓய்வுபெற்ற நிர்வாகி. தமிழர், கொழும்பில் இருந்து வந்தவர், தன் இங்கிலீஷில் தனக்கு நல்ல நம்பிக்கை உள்ளவர். பக்கத்தில் நிறுவனத்தின் மனேஜர். எதிரே தனிக் கதிரையில் நசீர். கந்தோரில் வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளை தமிழில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தது.

கிரெக் நிதானமாகப் பேசினார். பாரம் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், காற்று எப்படி என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் விசாரணை அலுவலர் கேட்டார், பாரம் விழுவதற்குச் சற்று முன்னால் நசீர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று. கிரெக் தோளைக் குலுக்கிவிட்டுச் சொன்னார்: "ஹீ ஃப்ளூ ஓஃப் த ஹாண்டில்."

நான் வாய் திறக்கமுன்னமே விசாரணை அலுவலர் மேசையில் தட்டினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அது போதும். எழுதுங்கோ பிள்ளை. பாரம் விழுவதற்கு முன்னர் நசீர் ஹாண்டிலை விட்டுப் பாய்ந்து வெளியேறினார்."

"சேர், அது அந்தக் கருத்து இல்லை," என்றேன்.

"எனக்கு இங்கிலீஷ் விளங்கும் மிஸ்."

"சேர், அது ஒரு சொல்வழக்கு. அவர் சொல்ல வந்தது..."

"ஹாண்டில் எண்டவர். உங்களுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்."

அவர் எழும்பிவிட்டார். மனேஜர் எழும்பினார். கிரெக் ஒன்றும் விளங்காமல் எல்லாரையும் பார்த்துவிட்டு, சிகரெட் பிடிக்க வெளியே போனார். தட்டச்சு செய்த பிள்ளையின் திரையில் அந்த வசனம் அப்படியே நின்றது. அந்த ஒரு வசனம் போதும், நசீரை வீட்டுக்கு அனுப்ப. தவராசாவின் காலுக்கு நசீரே பொறுப்பு என்று பொலிஸில் கொடுக்கவும் அது போதும்.

அந்தச் சொல்வழக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களில் சிலருக்குத் தெரியும். கோடரி வெட்டும்போது அதன் தலை காம்பை விட்டுக் கழன்று பறக்கும் அல்லவா, அதுதான். கோபத்தில் ஆள் நிலை தவறினான் என்று பொருள். கிரேனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வேறு எந்த வேலைத்தளத்தில், வேறு எந்த ஆளைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் இந்தக் குழப்பம் வந்திராது. கிரெக் மூடி பறந்தது என்று சொல்லியிருந்தால் விசாரணை அலுவலர் என்னைத் திரும்பிப் பார்த்து விளக்கம் கேட்டிருப்பார். நசீரின் கெட்ட காலம், அவருடைய கையில் உண்மையாகவே ஒரு ஹாண்டில் இருந்தது.

நடைபாதையில் மனேஜர் எனக்குத் தன் கையாலேயே பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"மிஸ், நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது," என்றார். "ஆனா சாட்சி சொன்ன சொல்லு அதுதானே. நீங்கள் ஒண்டும் மாத்தத் தேவையில்லை. சும்மா விட்டாக் காணும்."

"பிழையா எழுதினதைச் சும்மா விடுறதோ?"

"நீங்கள் எழுதேல்லையே. சேர்தானே சொல்லி எழுதுவிச்சவர். உங்களுக்கு ஏன் கரைச்சல்? எங்கட கொம்பனிக்கு இந்த வருசம் முழுக்க உரைபெயர்ப்பு வேலை இருக்கு. உங்களைத்தான் கூப்பிடுறது எண்டு யோசிச்சிருக்கிறம்."

தேநீரை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பிறகு அதைக் குடிக்கவில்லை. இப்படி ஒருவர் மெதுவாக வந்து, நீங்கள் ஒன்றுமே செய்யத் தேவையில்லை என்று சொல்லும்போதுதான் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். கத்துகிறவரிடம் இருந்து விலகிப்போகலாம். இவர்களிடம் இருந்து விலகுவது கடினம், ஏனென்றால் அவர்கள் கேட்பது சோம்பலை மட்டும்தான்.

மனேஜர் போனதும் நசீர் வந்தார். இவர் நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு இவ்வளவு காலமாகியும் புத்தி வரவில்லை பாருங்கள்.

"மிஸ், அவன் என்ன சொன்னான்? உண்மையச் சொல்லுங்க."

"நீங்கள் கோவத்தில நிலை தவறினீங்கள் எண்டு சொன்னவர்."

நசீரின் முகம் கறுத்தது. "அத நீங்க சொல்லாதீங்க."

"ஏன்?"

"நான் கோவப்படவே இல்ல. கோவப்படல்லண்டு சொல்லுங்க."

"நசீர், நீங்கள் ஹாண்டிலை விட்டிட்டு ஓடினீங்கள் எண்டு அங்க எழுதியிருக்கு."

"அத நான் இல்லண்டு சொல்லுவன். நான் விட்டதக் கண்ட ஆள் இல்ல. ஆனா கோவத்துக்கு எனக்கு ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை இருக்கு மிஸ். ஒருக்கா வாசல்ல நிக்கிற கேற்காரனோட, ஒருக்கா ஸ்டோர்காரனோட. மூணாவது எண்டா விசாரணையே தேவல்ல, அப்பிடியே வீடுதான். நீங்க கோவம் எண்டு சொன்னீங்கண்டா நீங்கதான் என்ட கழுத்த அறுக்கிறீங்க."

"அவர் சொன்னதை நான் சொல்லத்தான் வேணும்."

"அப்ப நீங்களும் அவங்கட ஆள்தான்!" அவர் சுவரில் கையால் அடித்தார். அந்தச் சத்தத்தில் நடைபாதையின் மறுமுனையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் கோவப்படுற ஆள் இல்ல மிஸ்! கோவப்படுற ஆளே இல்ல!"

சுவரில் இருந்த நாட்காட்டி ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இதுதான் நான் நின்ற இடம். பிழையை விட்டால் அவர் செய்யாத குற்றத்துக்குப் போவார். திருத்தினால் தன் குணத்துக்காகப் போவார். நிறுவனம் என்னை வாய் மூடச் சொல்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர் என்னைப் பொய் சொல்லச் சொல்கிறார். எனக்கு இரக்கம் இருந்தது. அவருடைய வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கிண்ணியாவுக்குப் பாலத்தால் போகும் பஸ்ஸில் அந்த மாதிரி உழைத்துக் காய்த்த கைகளை நிறையக் கண்டிருக்கிறேன்.

ஆனாலும் அவருக்காகப் பொய் சொல்ல நான் இணங்கவில்லை. இதில் உங்களுக்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. இரக்கத்துக்காக ஒரு சொல்லை மாற்றுகிறவர், நாளைக்குப் பயத்துக்காகவும் மாற்றுவார். அப்படிப்பட்டவரின் வாயில் இருந்து வரும் தமிழை எந்தத் தொழிலாளியும் நம்பக்கூடாது.

"நான் ஒருத்தற்றை ஆளும் இல்லை," என்று நசீரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

எல்லாரும் வந்து அமர்ந்தார்கள். கிரெக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விசாரணை அலுவலர் அடுத்த கேள்விக்குப் போகமுன் நான் எழுந்து நின்றேன்.

"சேர், முதல் பதிஞ்ச வசனம் பிழை. அதைத் திருத்தாமல் என்னால தொடர ஏலாது."

"மிஸ், இருங்கோ."

"நிக்கிறன் சேர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்கட வேலை சொல்லுக்குச் சொல் தமிழில தாறது. சாட்சி ஹாண்டில் எண்டு சொன்னா நீங்களும் ஹாண்டில் எண்டுதான் சொல்லவேணும்."

"சரி சேர். சொல்லுக்குச் சொல் எண்டா, பறந்தார் எண்டும் எழுதுங்கோ. அவர் 'ஃப்ளூ' எண்டுதானே சொன்னவர். நீங்கள் பாய்ந்தார் எண்டு மாத்திப்போட்டீங்கள். அண்டைக்குக் கிரேனில இருந்து ஒரு ஆள் பறந்ததை ஆராவது கண்டவையோ?"

தட்டச்சுச் செய்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது, தோள் குலுங்கியது. விசாரணை அலுவலரின் காது சிவந்தது. நான் விடவில்லை. அந்தச் சொல்வழக்கின் பொருளைச் சொன்னேன். சந்தேகம் என்றால் கையில் இருக்கிற ஃபோனில் பார்க்கலாம் என்றேன். மனேஜர் பார்த்தார். பார்த்துவிட்டு ஃபோனை விசாரணை அலுவலர் பக்கம் நகர்த்தினார். இருவரும் ஏதோ மெதுவாகக் கதைத்தார்கள். மனேஜரின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி," என்றார் விசாரணை அலுவலர். "திருத்துங்கோ பிள்ளை. பாரம் விழுவதற்கு முன்னர் நசீர் கோபமடைந்து நிதானம் இழந்தார். முற்றுப்புள்ளி. இது மூன்றாம் தடவை எண்டு அறியக்கிடக்குது. மிஸ், இப்ப திருப்திதானே?"

நசீர் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை.

அந்த நேரத்தில் நான் கதிரையில் இருந்துவிட்டிருக்கலாம். என் கடமை முடிந்துவிட்டது. பிழை திருத்தப்பட்டுவிட்டது. சொல் சரி, பொருள் சரி. பயிற்சியில் சொன்ன குழாய் அவ்வளவுதான் செய்யும்.

ஆனால் அந்த வசனத்தை நான் மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். கோபமடைந்து நிதானம் இழந்தார். எங்கள் வீடுகளில் யாராவது வந்து, இன்னார் கோவிச்சுப்போட்டார் என்று சொன்னால் கேட்கிறவர் அதோடு விடுவாரா? "ஆரோட? என்னவாம்?" என்ற கேள்வி உடனே வரும். கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும், ஒரு காரியம் வேண்டும். அந்த இங்கிலீஷ் சொல்வழக்குகளில் அது இல்லை. மூடி தானாகப் பறக்கிறது, ஃபியூஸ் தானாக எரிகிறது, கோடரித் தலை தானாகக் கழன்று போகிறது. ஆளைப் பழுதான சாமானாக்கி ஒதுக்கி வைத்துவிடலாம். பழுதான சாமானிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. எங்களுக்கும் அப்படிப்பட்ட பேச்சு இல்லாமல் இல்லை. சன்னதம் ஆடினான் என்று நாங்களும்தான் சொல்கிறோம். ஆனால் அதற்குப் பிறகும் யாராவது ஒருவர் என்னவாம் என்று கேட்பார்.

அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

"சேர், வசனம் முடியேல்லை," என்றேன். "ஆரோட கோவம், எதுக்குக் கோவம் எண்டு தெரிஞ்சால்தான் என்னால இதைத் தமிழில முழுசாச் சொல்லலாம்."

"கேள்வி கேக்கிறது என்ர வேலை."

"ஓம் சேர். சாட்சி சொன்னதுக்கு விளக்கம் கேக்கிறது என்ர வேலை."

அவர் மறுமொழி சொல்லமுன் நான் கிரெக்கின் பக்கம் திரும்பினேன். அவருடைய மொழியில், அவருக்கு மட்டும் இல்லாமல் எல்லாருக்கும் கேட்கக்கூடியதாகக் கேட்டேன்: நசீர் கோபப்பட்டார் என்றீர்கள். யாரோடு? எதற்காக?

மனேஜர் உடனே இங்கிலீஷில், நீங்கள் இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று கிரெக்கிடம் சொன்னார்.

அந்த வார்த்தைதான் கிரெக்கை நிமிரவைத்தது என்று நினைக்கிறேன். அதுவரை அவர் பாதி விமானத்தில் இருந்தார். இப்போது மனேஜரைப் பார்த்தார், தட்டச்சுத் திரையைப் பார்த்தார், நசீரைப் பார்த்தார். இந்த ஆள் மேல் என்னதான் குற்றச்சாட்டு என்று என்னிடம் கேட்டார். நான் விசாரணை அலுவலரைப் பார்த்தேன். அவர் கையை விரித்தார். நான் சொன்னேன்: பாரம் தொங்கும்போது ஹாண்டிலை விட்டுப் போனார் என்று.

கிரெக் கதிரையை முன்னுக்கு இழுத்தார். பிறகு பேசத் தொடங்கினார். நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். சாட்சி நான் என்றால் நாங்களும் நான் என்றே சொல்வோம், அது உங்களுக்குத் தெரியும்.

"என்னோடதான் கோவிச்சவர். சிலிங் பிய்ஞ்சிருக்கு, இதில தூக்க மாட்டன் எண்டு சொன்னவர்."

சிலிங் என்றால் பாரத்தைச் சுற்றிக் கட்டித் தூக்கும் உருக்குக் கயிறு.

"நான் தூக்கச் சொன்னனான். அவர் கபினை விட்டு இறங்கிவந்து என்ர முகத்துக்கு நேர கத்தினவர். அப்ப பாரம் நிலத்திலதான் கிடந்தது. புதுச் சிலிங் வரப் பின்னேரமாகும் எண்டு எனக்குத் தெரியும். அதுவரைக்கும் வேலையை நிப்பாட்ட நான் விரும்பேல்லை. தூக்காட்டில் வேற ஆளைப் போடுவன் எண்டு சொன்னனான். அவர் திரும்பிப் போய் ஏறினவர். அதுக்குப் பிறகு அவர் ஹாண்டிலை விடேல்லை. சிலிங்தான் அறுந்தது."

தூக்கச் சொன்னது நான் என்று என் வாயால் சொன்னேன். நான் செய்யாத ஒன்றுக்கு நான் என்று சொல்லவேண்டிய தொழில் இது. கிரெக்கின் முகத்தைப் பார்த்தேன். அவர் தமிழ் பேசும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் இன்னொரு வசனம் சொன்னார். அதையும் சொன்னேன்: "இதை என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை."

விசாரணை அலுவலர் நசீரின் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஏன் இதை முதலே சொல்லேல்லை?"

நசீர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே சொன்னார்: "கத்தினேன் எண்டு சொல்ல வேணும் சேர். கத்தினேன் எண்டா வேல போயிடும். அதோட, கடைசில நான்தானே தூக்கினேன். தவராசா கீழ நிக்கிறாரெண்டு தெரிஞ்சுதானே தூக்கினேன்."

அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட எல்லாவற்றிலும் அதுதான் எனக்கு மறக்காதது. ஆனால் அதை மொழிபெயர்க்கும்படி கிரெக் என்னைப் பார்த்தபோது ஒரு கணம் தயங்கினேன். பிறகு சொன்னேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. கிரெக் தலையைக் குனிந்தார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ வந்து சொல்லும்வரை நிமிரவில்லை.

நசீர் மீதான குற்றச்சாட்டு நிற்கவில்லை. கோபத்துக்காகவும் அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. அன்று அவர் கத்தியதற்குத் தகுந்த காரணம் இருந்தது என்று விசாரணை அலுவலரே தன் முடிவில் எழுதினார். அந்த நேர்மையை நான் அவருக்குக் குறைத்துச் சொல்லமாட்டேன். தவராசாவின் காலை எடுக்கவில்லை. சாய்ந்துதான் நடக்கிறார், வயலுக்கு இறங்க ஏலாது. விபத்துக்குப் பொறுப்பு தன்னுடையது என்று நிறுவனம் கடைசியில் ஏற்றுக்கொண்டது, விருப்பத்தோடு அல்ல.

என்னை அந்த நிறுவனம் பிறகு கூப்பிடவில்லை. அதோடு நிற்காமல், நான் எல்லை மீறிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தேன் என்று ஒரு முறைப்பாடும் போனது. எங்கள் துறையில் பெரியவர்கள் சிலர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வரி எழுதித் தந்தால் இதோடு விட்டுவிடலாம் என்றார்கள். எழுதவில்லை. இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று வாயால் சொன்னாலும் போதும் என்றார்கள். இன்னொருக்கால் அப்படி ஒரு வசனம் வந்தால் இன்னொருக்காலும் கேட்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சக் காலம் வேலை குறைந்தது. பிறகு வந்தது. அப்படித்தான் வரும்.

உங்களில் சிலர் இப்போதே நினைப்பீர்கள், இந்த மனுசி ஒரு பக்கம் எடுத்துவிட்டாள் என்று. எடுக்கவில்லை. நசீர் கேட்ட பொய்யை நான் சொல்லவில்லை. மனேஜர் கேட்ட மௌனத்தையும் கொடுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று கேட்கும்போது எனக்குத் தெரியாது. முன்பு கேற்காரனோடு சண்டை பிடித்த மாதிரி இதுவும் ஒரு சண்டை என்று வந்திருந்தால், அதையும் அப்படியே தமிழில் சொல்லியிருப்பேன். நசீர் வீட்டுக்குப் போயிருப்பார். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். தமிழ் இலக்கணத்தில் கோபத்துக்கு யாரோடு என்று இருக்கவேண்டும் என ஒரு விதியும் இல்லை. கோபமடைந்தார் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் எந்தப் பண்டிதரும் பிழை சொல்லமாட்டார். விசாரணை அலுவலர் அப்படித்தான் வைத்தார். அந்த முற்றுப்புள்ளியை எடுத்தது என் தீர்மானம். இலக்கணத்தின் பின்னால் ஒளிக்க எனக்குத் தேவை இல்லை.

ஒருவருடைய கோபத்தை மொழிபெயர்க்கும்போது, அந்தக் கோபம் ஒரு தகவல் என்பதை மறக்கவேண்டாம். நன்றாக உடுத்து, மெதுவாகப் பேசுகிறவரின் சொல்லை எல்லாரும் கேட்பார்கள். அவருக்கு உங்கள் உதவி அவ்வளவு தேவையில்லை. கத்துகிறவரின் சத்தத்தை மட்டும்தான் கேட்பார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளே என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு அந்த அறையில் உங்களைத் தவிர வேறு ஆள் இருக்காது.

நசீரைப் பிறகு ஒருநாள் மீன் சந்தையில் கண்டேன். விசாரணை முடிந்து பல மாதம். நான் பாரை மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து ஒரு குரல், சந்தை முழுக்கக் கேட்கும்படி, "மிஸ்!" என்றது.

என்னோடு இன்னும் கோபமோ என்று கேட்டேன்.

"இல்லாமலா? நான் கத்தினத எல்லாருக்கும் சொல்லிட்டீங்களே. கேற்காரன் இப்பயும் சிரிக்கான்."

"வேலை எப்பிடிப் போகுது?"

அவர் மீன் பையை மறுகைக்கு மாற்றினார். "புதுசா வந்த சுப்பவைசர் நல்ல மனிசன். இப்ப நான் கத்தினா வேலைய நிப்பாட்டிட்டு, கிட்ட வந்து, என்ன விசயம் நசீர் எண்டு கேக்கார் மிஸ்!"

அதையும் கத்தித்தான் சொன்னார். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.